டெலோஸின் தூய்மையும் அண்டைத் தீவுகளின் சுமையும்

ஏஜியன் கடலில் சைக்ளாடிஸ் தீவுக்கூட்டத்தின் நடுவே கிடக்கிறது டெலோஸ். பரப்பு ஏறத்தாழ 3.4 சதுர கிலோமீட்டர். தெற்கு வடக்காக நடந்தால் 5 கிலோமீட்டர். தீவின் மிக உயர்ந்த இடமான கிந்தோஸ் குன்றின் உயரமே 112 மீட்டர்தான். ஆறு இல்லை, காடு இல்லை, விளைநிலம் சொற்பம். காவலர்களையும் தொல்லியல் பணியாளர்களையும் தவிர வேறு யாரும் அங்கே இரவு தங்க அனுமதியில்லை. கிழக்கே படகில் அரைமணி நேரத்தில் மைக்கோனோஸ் வந்துவிடும். ஏறத்தாழ 10 ஆயிரம் பேர் குடியிருக்கும் அந்தத் தீவுக்கு, சுற்றுலாக் கப்பல்களில் மட்டும் 2023இல் 12 லட்சம் பேர் அளவில் வந்து போனார்கள். விமானத்திலும் வழக்கமான படகுகளிலும் வந்தவர்கள் இந்தக் கணக்கில் சேரவில்லை.

இந்த இரு தீவுகளையும் சேர்த்து எழுதுகிறவர்கள் வழக்கமாக ஒரே கதையைத்தான் சொல்வார்கள். ஒரு பக்கம் தெய்வீகமான தொன்மை, மறுபக்கம் விடியும்வரை ஆட்டம்பாட்டம். ஒன்று தவம், மற்றொன்று போகம். படிக்க நன்றாக இருக்கும் இந்தக் கதையை டெலோஸின் வரலாறு ஏற்றுக்கொள்ளாது. தன் உச்ச காலத்தில் டெலோஸ், வெளியூர்க் கூட்டத்தை நம்பியே பிழைத்த ஊர். இன்று அங்கே நாம் காணும் வெறுமை சட்டம், படுகொலை, கல்திருட்டு, அகழாய்வு என்று பலவும் சேர்ந்து உண்டாக்கியது. அதைவிட முக்கியமான செய்தி ஒன்றுண்டு. தனக்கு ஒவ்வாததை எல்லாம் பக்கத்துத் தீவில் கொண்டுபோய் வைத்துத்தான் டெலோஸ் தன் தூய்மையைக் காத்துவந்திருக்கிறது. அன்று அந்தச் சுமையை ஏற்றது மேற்கே உள்ள ரினியா. இன்று ஏற்பது மைக்கோனோஸ். திரள் சுற்றுலாவுக்கு நடுவே ஓர் இடிபாட்டைக் காப்பது எப்படி என்ற கேள்வியை இந்த மூன்று தீவுகளையும் சேர்த்து வைத்துத்தான் கேட்க வேண்டும்.

பிறக்கவும் இறக்கவும் இடமில்லாத ஊர்

சீயுஸின் பிள்ளைகளைச் சுமந்த லீட்டோவுக்கு, சீயுஸின் மனைவி ஹீராவின் கோபத்துக்கு அஞ்சி எந்த நிலமும் இடம் தரவில்லை. கடலில் மிதந்துகொண்டிருந்த டெலோஸ் மட்டும் ஏற்றுக்கொண்டது. அப்பல்லோ அங்கே பிறந்தான் என்பது புராணம். ஒரு பிரசவத்தால் புனிதம் பெற்ற தீவு பிற்பாடு பிரசவத்தையே விலக்கியது என்பது வரலாறு.

அந்த விலக்கு இரண்டு கட்டங்களில் வந்தது. கி.மு. 6ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸின் ஆட்சியாளன் பெய்சிஸ்திராடஸ், கோயிலில் நின்று பார்த்தால் கண்ணில் படும் கல்லறைகளை மட்டும் தோண்டி அப்புறப்படுத்தினான். கி.மு. 426–425 குளிர்காலத்தில் ஏதென்ஸ் தீவு முழுவதையும் சுத்தி செய்தது. இருந்த கல்லறைகள் எல்லாம் பெயர்க்கப்பட்டன. இனி டெலோஸில் யாரும் பிறக்கவும் கூடாது, சாகவும் கூடாது. பேறுகாலம் நெருங்கியவர்களையும் உயிர் பிரியும் நிலையில் இருப்பவர்களையும் ரினியாவுக்குக் கொண்டுபோய்விட வேண்டும் என்று ஆணை பிறந்தது. அக்காலத்திலேயே வாழ்ந்த வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் இதைப் பதிவு செய்திருக்கிறார். தோண்டிய கல்லறைகளில் பாதிக்கு மேற்பட்டவை ஆசியா மைனரைச் சேர்ந்த காரியர்களுடையவை என்பது உடன் புதைத்த ஆயுதங்களாலும் புதைத்த முறையாலும் தெரிந்தது என்றும் அவர் எழுதுகிறார். புதைபொருளை வைத்து இறந்தவரின் இனத்தைக் கண்டறியும் முயற்சி பற்றிய மிகப் பழைய குறிப்புகளில் இது ஒன்று.

பக்தி ஒன்றே இதற்குக் காரணமாக இருந்திருக்க முடியாது. ஏதென்ஸை அந்த ஆண்டுகளில் கொள்ளைநோய் வாட்டிக்கொண்டிருந்தது. நோயை அனுப்புகிறவனும் நீக்குகிறவனும் அப்பல்லோவே என்பது அவர்கள் நம்பிக்கை. அரசியல் கணக்கும் இருந்தது. பாரசீகரை எதிர்க்க கி.மு. 478இல் உருவான கூட்டணியின் கருவூலம் முதலில் டெலோஸில் இருந்தது, கி.மு. 454இல் அதை ஏதென்ஸ் தன் ஊருக்கே கொண்டுபோய்விட்டது. சொந்த மண்ணில் பிறக்கவும் புதையவும் உரிமை இல்லாத மக்கள் அந்த மண்ணைத் தமது என்று எப்படிக் கோருவார்கள்? டெலோஸ்காரர்கள் இது குறித்து முறையிட்டபோது, யாரும் பிறக்காத, யாரும் புதைக்கப்படாத இடம் உங்களுக்குத் தாயகம் ஆவது எப்படி என்று ஸ்பார்ட்டா அரசன் ஒருவன் திருப்பிக் கேட்டதாகப் புளூட்டார்க் ஒரு கதை சொல்கிறார். கி.மு. 422இல் எஞ்சியிருந்த குடிகளையும் ஏதென்ஸ் வெளியேற்றியது. அவர்கள் ஆசியா மைனரின் அத்ரமிட்டியத்தில் தஞ்சம் புகுந்தார்கள். மறு ஆண்டு டெல்பியின் குறிவாக்கு சொன்ன பிறகே திரும்ப முடிந்தது.

டெலோஸுக்கும் ரினியாவுக்கும் இடையே குறுகிய நீரிணைதான். சாமோஸ் தீவை ஆண்ட பாலிகிரட்டீஸ், ரினியாவைச் சங்கிலியால் டெலோஸோடு பிணைத்து அப்பல்லோவுக்குக் காணிக்கை ஆக்கினான் என்கிறார் துசிடிடீஸ். அந்தப் பிணைப்பு வெறும் சடங்கோடு நிற்கவில்லை. ரினியாவில் அப்பல்லோ கோயிலுக்குச் சொந்தப் பண்ணைகள் இருந்தன, மைக்கோனோஸிலும் இருந்தன. 10 ஆண்டுக் குத்தகைக்கு அவை விடப்பட்ட விவரங்கள் கோயில் கணக்குக் கல்வெட்டுகளில் வரிவரியாகக் கிடைக்கின்றன. ஆக, டெலோஸுக்குச் சோறும் வாடகையும் தந்தது பக்கத்துத் தீவு. அதன் குழந்தைகளைப் பெற்றதும் பிணங்களைப் புதைத்ததும் பக்கத்துத் தீவு. ஏதென்ஸ் பெயர்த்தெடுத்த கல்லறைப் பொருள்கள் ரினியாவில் ஒரே குழியில் இடப்பட்டிருந்தன. 1898இல் கிரேக்கத் தொல்லியலாளர் ஸ்டாவ்ரோபுலோஸ் அந்தக் குழியைக் கண்டுபிடித்தார். அதிலிருந்து வந்த கலயங்களை வைக்கவே மைக்கோனோஸில் ஓர் அருங்காட்சியகம் எழுந்தது. டெலோஸில் வாழ்ந்து மறைந்தவர்களின் கல்லறைப் பொருள்களைப் பார்க்க இன்றும் அங்கேதான் போக வேண்டும்.

விழாக் கூட்டமும் சந்தைக் கூட்டமும்

குடிமக்களுக்கு இத்தனை தடை விதித்த தீவு, வருவோர் போவோருக்குத் தன் துறையை அகலத் திறந்து வைத்திருந்தது. ஏதென்ஸிலிருந்து ஆண்டுதோறும் புனிதக் கப்பல் ஒன்று டெலோஸுக்குப் போய்வரும். அது திரும்பும்வரை நகரில் மரண தண்டனை நிறைவேற்றக் கூடாது. கி.மு. 399இல் சாக்ரடீஸ் தீர்ப்புக்குப் பிறகும் சில வாரங்கள் உயிரோடிருந்ததற்கு இந்தக் கப்பலின் பயணமே காரணம்.

அப்பல்லோவின் விழாவுக்கு வருவதில் பகட்டும் குறையாமல் இருந்தது. பாடகர் குழுக்கள் கப்பலிலிருந்து இறங்கும்போதே கூட்டம் சூழ்ந்துகொண்டு பாடச் சொல்லி நச்சரிக்கும். உடை மாற்றக்கூட நேரம் தராது. ஏதென்ஸின் தளபதி நிசியாஸ் தன் குழுவை முதலில் ரினியாவில் இறக்கினார். ஏதென்ஸிலேயே அளவெடுத்துச் செய்து கொண்டுவந்த பாலத்தை இரவோடிரவாக நீரிணையின் குறுக்கே போட்டார். பொன்முலாமும் மாலைகளும் திரைச்சீலைகளும் அணிந்த அந்தப் பாலத்தின்மேல் விடியற்காலையில் குழு பாடிக்கொண்டே டெலோஸுக்குள் நுழைந்தது. அவர் காணிக்கையாக நட்ட வெண்கலப் பனைமரம் பின்னொரு நாள் காற்றில் சாய்ந்து, நக்சோஸ் தீவினர் நிறுவிய மாபெரும் அப்பல்லோ சிலையையும் கீழே தள்ளியது என்கிறார் புளூட்டார்க். புனிதத் தலத்தில் தன் வருகையைப் பிறர் வியந்து பார்க்க வேண்டும் என்ற ஆசை நம் காலத்துச் சுற்றுலாப் பயணி கண்டுபிடித்தது என்று நினைக்க வேண்டியதில்லை.

கூட்டம் வந்தால் குப்பையும் வரும், விலையேற்றமும் வரும். டெலோஸின் கல்வெட்டுகள் இதற்குச் சான்று. மினோயே என்ற ஊற்றில் எதையும் கழுவக் கூடாது, நீந்தக் கூடாது, சாணத்தைக் கொட்டக் கூடாது. மீறினால் அபராதம் என்கிறது ஒரு கல். பலிபீடத்தை அடுத்த இடத்தில் சாம்பலும் எருவும் போடக் கூடாது என்கிறது இன்னொன்று. மீறியவன் சுதந்திரமானவன் என்றால் அபராதம், அடிமை என்றால் கசையடி. விறகும் கரியும் விற்க வருகிறவர் சுங்கக்காரரிடம் சொன்ன விலைக்கே விற்க வேண்டும் என்று விலைக் கட்டுப்பாடு விதிக்கிறது மற்றொன்று. குறிப்பிட்ட ஒரு வழிபாட்டிடத்தில் அந்நியர் நுழையக் கூடாது என்ற எச்சரிக்கையும் கிடைத்திருக்கிறது. மரமில்லாத, நீர் குறைந்த ஒரு தீவில் ஆயிரக்கணக்கானோர் கூடினால் எவையெல்லாம் சிக்கலாகும் என்பதை இந்தக் கற்களே பட்டியலிட்டுவிடுகின்றன.

கி.மு. 167ஐ ஒட்டி டெலோஸின் தலையெழுத்து மாறியது. ரோட்ஸ் தீவைத் தண்டிக்க நினைத்த ரோம், டெலோஸை ஏதென்ஸிடம் ஒப்படைத்து அதைச் சுங்கமில்லாத் துறைமுகமாக அறிவித்தது. தங்கள் துறைமுக வருவாய் 10 லட்சம் திராக்மாவிலிருந்து ஒன்றரை லட்சமாக விழுந்துவிட்டது என்று ரோட்ஸ் தூதர்கள் ரோமில் புலம்பியதைப் பொலிபியஸ் குறித்திருக்கிறார். கி.மு. 146இல் கொரிந்து அழிக்கப்பட்டதும் அந்த நகரத்து வணிகமும் இங்கே திரும்பியது. இத்தாலியர், சிரியர், எகிப்தியர், பெய்ரூத் வணிகர், யூதர், சமாரியர் என்று பல திசையிலிருந்தும் ஆட்கள் வந்து குவிந்தார்கள். அவரவர் தெய்வங்களும் கூடவே வந்தன. உச்ச காலத்தில் மக்கள்தொகை 20 ஆயிரம் முதல் 30 ஆயிரம் வரை இருந்திருக்கும் என்று மதிப்பிடுவோர் உண்டு; அது மிகை என்போரும் உண்டு. குறைத்தே கணக்கிட்டாலும், இந்தப் பாறைத் தீவு தன் சக்திக்கு மீறிய கூட்டத்தைச் சுமந்தது என்பதில் ஐயமில்லை.

நீருக்கு அவர்கள் செய்த ஏற்பாட்டை வீடுகளிலேயே பார்க்கலாம். கூரையில் விழும் மழைநீர் நடுமுற்றத்துக்கு வந்து, தரைக்கு அடியில் வெட்டிய தொட்டியில் சேரும். சிறுத்தை மேல் அமர்ந்த டயோனிசஸின் உருவத்தை வண்ணக் கற்களால் பதித்த புகழ்பெற்ற தளத்தை வந்தவர்கள் எல்லாரும் படம் எடுக்கிறார்கள். அத்தகைய முற்றங்களின் கீழே தொட்டி இருப்பதைக் கவனிக்கிறவர்கள் குறைவு. 5 ஆயிரம் பேருக்கு மேல் உட்காரக்கூடிய நாடக அரங்கின் படிக்கட்டுகளில் விழும் மழைகூட வீணாகாமல், கருங்கல் வளைவுகள் தாங்கிய பெரிய நீர்த்தொட்டிக்குப் போனது. அழகுக்குச் செலவிட்ட அதே கவனத்தோடு ஒவ்வொரு துளிக்கும் கணக்கு வைத்திருந்தார்கள்.

அந்தச் செழிப்புக்குக் கருப்பான ஒரு பக்கமும் உண்டு. ஒரே நாளில் 10 ஆயிரம் அடிமைகளை இறக்கி ஏற்றக்கூடிய இடம் என்று டெலோஸைப் பற்றி எழுதுகிறார் ஸ்ட்ராபோ. தீவின் மிகப் பெரிய கட்டடமான இத்தாலியர் சதுக்கமே அடிமைச் சந்தை என்று ஆய்வாளர் சிலர் கருதினார்கள். அமைப்பு அதற்குப் பொருந்தவில்லை என்று மற்றவர்கள் மறுத்தார்கள். எப்படியானாலும், விற்கப்பட்டவர்கள் நின்ற இடம் இதுதான் என்று உறுதியாகக் கைகாட்ட ஒரு தூணும் இல்லை. தளங்களும் சிலைகளும் நின்றுவிட்டன. அவற்றுக்குப் பணம் தந்த தொழில் தடயமின்றிப் போய்விட்டது. இடிபாடுகள் தாமாகப் பேசும் என்று நம்பிப் போகிறவர் நினைவில் கொள்ள வேண்டிய உண்மை இது.

வெறுமை உண்டான விதம்

கி.மு. 88இல் ரோமுக்கு எதிராகக் கிளம்பிய பொன்டஸ் அரசன் மித்ரடேட்ஸின் படை டெலோஸைச் சூறையாடியது. டெலோஸிலும் சுற்றியிருந்த இடங்களிலுமாக 20 ஆயிரம் பேர், பெரும்பாலும் இத்தாலியர், கொல்லப்பட்டதாக அப்பியன் எழுதுகிறார். கி.மு. 69இல் கடற்கொள்ளையர் மீண்டும் அழித்தார்கள். அதன்பின் வணிகப் பாதைகள் மாறின. இத்தாலியின் துறைமுகங்களே கிழக்கத்திய சரக்கை நேரே பெற்றுக்கொண்டன. நிலமோ நீரோ இல்லாத ஊருக்குத் திரும்பிவர யாருக்கும் காரணம் இருக்கவில்லை. கி.பி. 2ஆம் நூற்றாண்டில், கோயிலைக் காக்க ஏதென்ஸ் அனுப்பும் ஆட்களை எடுத்துவிட்டால் டெலோஸில் ஒருவரும் மிஞ்சமாட்டார்கள் என்றார் பயண நூலாசிரியர் பௌசானியாஸ்.

ஆள் போன ஊரின் கல் அடுத்துப் போனது. பல நூற்றாண்டுகள் டெலோஸ் சுற்றுவட்டாரத்துக்குக் கல்குவாரியாக இருந்தது. பளிங்கைச் சூளையில் இட்டுச் சுண்ணாம்பு ஆக்கினார்கள். தூண்களும் பலகைகளும் மைக்கோனோஸுக்கும் டினோஸுக்கும் வீடு கட்டவும் தேவாலயம் கட்டவும் போயின. 1628இல் கெனெல்ம் டிக்பி என்ற ஆங்கிலேயர் தம் அரசர் முதலாம் சார்லஸின் சேகரிப்புக்காகச் சிற்பங்களைக் கப்பலேற்றினார். நக்சோஸ்காரர்கள் கி.மு. 7ஆம் நூற்றாண்டின் இறுதியில் வரிசையாக நிறுத்திய சிங்கங்களில் ஒன்று, புதுத்தலை பொருத்தப்பட்டு, வெனிஸ் கப்பற்பட்டறை வாயிலில் உட்கார்ந்திருக்கிறது. அப்பல்லோவின் பெருஞ்சிலையோ பல இடங்களில் சிதறிக்கிடக்கிறது: உடல் டெலோஸில் வெட்டவெளியில், கை அங்குள்ள அருங்காட்சியகத்தில், பாதத்தின் துண்டு லண்டனில்.

பிரெஞ்சுத் தொல்லியல் பள்ளி 1870களில் தோண்டத் தொடங்கியது. ஒமோல் என்பவரின் தலைமையில் கோயில் பகுதியும், 1904 முதல் ஒல்லோவின் தலைமையில் வீடுகளும் வீதிகளும் வெளிப்பட்டன. இன்று நாம் பார்க்கும் டெலோஸ் பெரிதும் அவர்கள் கைப்பட உருவானது. படகுகள் வந்து நிற்கும் அணைகரையே அகழாய்வில் வாரிய மண்ணும் கல்லும் கொட்டி உண்டானது. லீட்டோவின் கதையோடு பிணைந்த புனித ஏரி, பணியாளர்களை மலேரியா தாக்கியதால் 1920களில் வற்றவைக்கப்பட்டது. அதன் எல்லையைக் காட்டும் சுவரும் நடுவில் நிற்கும் பனைமரமும் நவீன காலத்தவை. மூலச் சிங்கங்கள் 1999இல் அருங்காட்சியகத்துக்குள் போய்விட்டன. வெளியே வெயில் காய்பவை நகல்கள். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. கல்லைக் கடற்காற்றிலிருந்து காக்க வேறு வழி கிடையாது. ஆனால் காலம் தீண்டாத தீவு என்று விளம்பரம் சொல்லும்போது, காலம் இவ்வளவு தீண்டிய இடம் ஏஜியனில் வேறெங்கும் உண்டா என்று கேட்கத் தோன்றுகிறது.

1990இல் யுனெஸ்கோ டெலோஸை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இன்று படகுகள் பெரும்பாலும் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஓடுகின்றன. கோடையில் வடக்கிலிருந்து அடிக்கும் மெல்தெமிக் காற்று பலத்தால் அன்றைக்குப் படகு இல்லை. விடுதி கட்ட அனுமதியில்லை. காலையில் வந்தவர் மாலைக்குள் திரும்பியாக வேண்டும். 2019இல் பிரிட்டிஷ் சிற்பி ஆன்டனி கோர்ம்லியின் 29 இரும்பு உருவங்களைத் தீவில் நிறுத்தியபோதுகூட, அவை ஒரு பருவத்துக்கு மட்டும் இருந்துவிட்டுப் போயின. பிறக்காதே, சாகாதே என்ற பழைய ஆணை, இரவில் தங்காதே என்று உருமாறி நிற்கிறது. அன்று அது ஆதிக்கத்துக்காக, இன்று பாதுகாப்புக்காக. நோக்கம் வேறு. ஆனால் இரண்டும் செயல்படும் முறை ஒன்றே: வேர்விடக்கூடியதை எல்லாம் கடலுக்கு அப்பால் தள்ளிவிடுவது.

மைக்கோனோஸ் ஏற்ற சுமை

மைக்கோனோஸ் சுற்றுலாத் தீவு ஆனதே டெலோஸால்தான். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் டெலோஸைப் பார்க்க வந்த படிப்பாளிகளும் கலைஞர்களும் தங்கியது இங்கே. அகழாய்வுக்குக் கூலி வேலை செய்யப் போனவர்களில் இத்தீவினரும் இருந்தார்கள். மீன்பிடித்தலும் கடலோட்டமும் கொஞ்சம் பயிருமாக இருந்த ஏழைத் தீவுக்கு, டெலோஸின் கற்கள் முதல் வாடிக்கையாளர்களைக் கொண்டுவந்து சேர்த்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கடற்கரையும் இரவு வாழ்க்கையும் முந்திக்கொண்டன. இன்று வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு டெலோஸ் ஒரு அரைநாள் நிகழ்ச்சி. பலருக்கு அதுவும் இல்லை. டெலோஸ் நிர்வாகத்தில் மைக்கோனோஸ் நகராட்சியைச் சேர்ந்தது. ஆளும் உறவிலும் அண்டை உறவிலும் இரண்டும் இன்னமும் பிரியவில்லை.

சுமை எங்கே விழுகிறது என்பதைக் கட்டுமானத்தில் பார்க்கலாம். ஏறத்தாழ 85 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள மைக்கோனோஸில் விடுதியும் மாளிகையும் நீச்சல்குளமும் பெருகின. மழை குறைந்த தீவில் குடிநீருக்குக் கடல்நீரைச் சுத்திகரிக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முற்றத்தின் அடியிலும் தொட்டி வெட்டிய பழைய டெலோஸ்காரர் இன்று வந்தால், பாறை மேல் நிரம்பி நிற்கும் நீச்சல்குளங்களைப் பார்த்துத் திகைப்பார். பருவக் காலத்தில் வீடுகள் சுற்றுலாவாசிகளுக்கு வாடகைக்குப் போவதால், பணிக்கு வரும் ஆசிரியருக்கும் மருத்துவருக்கும் உணவகத் தொழிலாளிக்கும் தங்க இடம் கிடைப்பது பெரும்பாடு. வருகிறவர் எல்லாருக்கும் கட்டில் போட்டுத் தரும் ஊரில், ஊரை நடத்துகிறவருக்குக் கட்டில் இல்லை.

இந்த இடத்தில் தொல்லியலும் சுற்றுலாவும் நேருக்கு நேர் மோதுகின்றன. மைக்கோனோஸில் கட்டட அனுமதி கேட்கும் கோப்புகள் தொல்லியல் துறையின் மேசைக்கும் வந்தாக வேண்டும். மண்ணுக்குள் என்ன இருக்கிறது, கட்டடம் நிலக்காட்சியைக் கெடுக்குமா என்று பார்த்து ஒப்புதல் தருவதும் மறுப்பதும் அவர்கள் பொறுப்பு. கோடிக்கணக்கான யூரோ முதலீடு ஒரு தொல்லியலாளரின் கையெழுத்துக்குக் காத்திருக்கும். 2023 மார்ச்சில், மைக்கோனோஸ் கோப்புகளைக் கவனித்துவந்த தொல்லியலாளர் ஒருவர் ஏதென்ஸில் தம் வீட்டருகே கடுமையாகத் தாக்கப்பட்டார். அவருடைய பணியே தாக்குதலுக்குக் காரணம் என்று தொல்லியலாளர் சங்கம் குற்றஞ்சாட்டியது. நாடெங்கும் தொல்லியலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதன் பிறகே அரசு ஆய்வாளர்கள் தீவுக்கு விரைந்தார்கள். சட்டத்தை மீறிய சில கட்டுமானங்கள் இடிக்கப்பட்டன.

டெலோஸில் யாரும் ஒரு செங்கல் வைக்க முடியாது என்பது சட்டத்தின் வெற்றி. ஆனால் அந்த வெற்றியால் கட்டும் வெறி அடங்கிவிடவில்லை. அரைமணி தள்ளி, காவல் பலவீனமான இடத்தில் இறங்கியது. டெலோஸைக் காக்கும் துறையே மைக்கோனோஸையும் காக்க வேண்டும். முதல் தீவில் அதற்குத் துணையாகக் கடல் இருக்கிறது. இரண்டாவது தீவில் சில அலுவலர்கள் மட்டுமே இருக்கிறார்கள்.

ரினியாவும் தப்பவில்லை. மேய்ச்சல் நிலமாகக் கிடக்கும் அந்தத் தீவின் டெலோஸை நோக்கிய கரையில்தான் பழைய இடுகாடு இருந்தது. கி.மு. 100ஐ ஒட்டி, கொலையுண்ட இரு பெண்களுக்காகக் கடவுளிடம் பழிவாங்கல் கேட்டு யூதர்கள் வைத்த கற்கள் ரினியாவில் கிடைத்தவையே. பெய்ரூத்திலிருந்தும் சிரியாவிலிருந்தும் பிழைக்க வந்து மாண்டவர்களும் அங்கேதான் புதைந்தார்கள். இப்போது மைக்கோனோஸிலிருந்து புறப்படும் ஒருநாள் படகுச் சவாரிகள் முற்பகலில் டெலோஸையும் பிற்பகலில் ரினியாவின் நீலநீர்க் குடாவில் நீச்சலையும் மதிய உணவையும் சேர்த்து விற்கின்றன. நீந்துவது குற்றமில்லை. ஆனால் டெலோஸின் வரலாற்றில் பாதி எந்தக் கரையில் புதைக்கப்பட்டதோ அந்தக் கரை, பயணத் திட்டத்தில் வெறும் குளிக்கும் இடமாக ஆகிவிட்டது. உலகப் பாரம்பரியம் என்ற பெருமையை முழுக்க டெலோஸுக்குக் கொடுத்ததன் விளைவுகளில் இதுவும் ஒன்று.

கடலும் கட்டணமும்

வேலி போட்டுக் காக்க முடியாத ஆபத்து ஒன்று டெலோஸுக்கு இருக்கிறது. பழங்காலத்தைவிடக் கடல்மட்டம் இன்று உயரம். பழைய துறைமுகக் கட்டுமானங்களில் பல நீருக்கடியில் போய்விட்டன. தென்மேற்குக் கரையோரமாக வணிகர்களின் கிடங்குகள் வரிசையாக இருந்த பகுதியில் அலை நேரே சுவரை அடிக்கிறது. குளிர்காலத்தில் உப்புநீர் உள்ளே புகுந்து கல்லிடை மண்ணை அரிக்கிறது; கோடை வெப்பம் அதே சுவரைக் காயவைத்து விரிசல் விடச் செய்கிறது. வந்து போகும் பயணியின் காலடியைவிட இந்த உப்பும் ஈரமும் செய்யும் கேடு பெரிது. அதே சமயம், இன்று கடல் மேலும் உயர்வதற்குக் காரணமான புவி வெப்பத்தில், லட்சக்கணக்கானோரை ஏஜியனுக்கு ஏற்றிவரும் விமானங்களுக்கும் பெருங்கப்பல்களுக்கும் பங்கு உண்டு. டெலோஸில் கால்வைக்காத பயணியும் டெலோஸைத் தொடத்தான் செய்கிறார்.

கிரேக்க அரசு 2025 ஜூலை முதல் மைக்கோனோஸிலும் சாண்டோரினியிலும் கரையிறங்கும் கப்பல் பயணிகளிடம் கோடைப் பருவத்தில் தலைக்கு 20 யூரோ வசூலிக்கிறது. கூட்டத்தைக் குறைப்பதும் தீவுகளுக்குப் பணம் திரட்டுவதும் நோக்கம் என்கிறார்கள். பல ஆயிரம் ரூபாய் கட்டிக் கப்பலேறியவர் 20 யூரோவுக்காகத் திரும்பிவிடப் போவதில்லை. ஆகவே கூட்டம் குறைகிறதா என்பதைவிட, அந்தப் பணம் எங்கே போய்ச் சேர்கிறது என்று கேட்பதே பயனுள்ள கேள்வி. துறைமுகத்தை அகலப்படுத்தப் போனால் அடுத்த ஆண்டு கூட்டம் இன்னும் பெருகும். கிடங்குச் சுவர்களை நிறுத்தவும், ரினியாவின் இடுகாட்டுக் கரைக்குக் காவல் போடவும், மைக்கோனோஸ் கோப்புகளைப் படிக்கக் கூடுதல் தொல்லியலாளர்களை அமர்த்தவும் போனால் அந்த 20 யூரோவுக்குப் பொருள் உண்டு.

டெலோஸின் அனுபவம் இரண்டு எதிரெதிர்த் தவறுகளைத் தவிர்க்கக் கற்றுத் தருகிறது. கூட்டமே தொன்மையின் பகை என்று எண்ணுவது முதல் தவறு. யாத்திரிகரும் வணிகரும் வராதிருந்தால் அந்தப் பாறையில் ஒரு தூணும் எழுந்திருக்காது. ஊற்றில் நீந்தாதே, விறகைக் கூட்டி விற்காதே என்று கல்லில் வெட்டிவைத்துக் கூட்டத்தை ஆண்ட மக்கள் அவர்கள். இடிபாட்டைச் சுற்றி எல்லை வரைந்துவிட்டால் காத்தாகிவிட்டது என்று எண்ணுவது இரண்டாவது தவறு. எல்லைக்குள் மறுக்கப்பட்டது எல்லைக்கு வெளியே இடம் தேடும். அங்கே யாருக்கு அது சுமையாகிறது என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

எனவே இந்த மூன்று தீவுகளையும் ஒரே கணக்கில் வைப்பதே நேர்மையான வழி. டெலோஸில் ஒரு நாளைக்கு எத்தனை பேர் இறங்கலாம் என்று வரம்பு போடுவது எளிது. மைக்கோனோஸில் எத்தனை கட்டில்கள் போதும், எத்தனை கப்பல்கள் ஒரே நாளில் வரலாம் என்று வரம்பு போடுவதுதான் கடினம், அதுதான் அவசியமும்கூட. படகுத்துறையில் சீட்டு வாங்கும் பயணிக்கும் இதில் செய்யக்கூடியது உண்டு. டெலோஸுக்குப் போகும் முன்னோ பின்னோ மைக்கோனோஸ் அருங்காட்சியகத்தில் ஒரு மணி நேரம் செலவிட்டு, ரினியாவிலிருந்து வந்த கலயங்களையும் கல்லறைக் கற்களையும் பார்க்கலாம். அவற்றைப் பார்த்தவருக்கு டெலோஸின் வெறுமை தானாக வந்ததாகத் தோன்றாது. யாரை எங்கே தள்ளி அது உண்டானது என்று கேட்கத் தெரிந்தவர்தான், தாம் தங்கியிருக்கும் விடுதி எந்த நிலத்தில் யாருடைய நீரில் நடக்கிறது என்றும் கேட்பார்.